ஈஸ்டர் விருந்துக்கு எது: சிம்னலா, பாஸ்காவா, பாஸ்தியேராவா?

ஈஸ்டருக்கு வீட்டில் என்ன இனிப்பு செய்யலாம் என்று யோசிக்கும்போது, ருசிக்கு முன்னால் ஒன்றைக் கேட்டுக்கொள்வது நல்லது: அதை எப்போது செய்து முடிப்பது? சனிக்கிழமை இரவு திருவிழிப்புப் பூசைக்குப் போனால் வீடு திரும்ப நள்ளிரவு தாண்டிவிடும். சி.எஸ்.ஐ. குடும்பங்களில் பலர் ஞாயிறு விடியுமுன்பே ஆராதனைக்குக் கிளம்பிவிடுவார்கள். அப்புறம் வீட்டுக்கு வந்து பிரியாணிக்கு வெங்காயம் நறுக்குவார்களா, கேக்குக்கு ஐசிங் பூசிக்கொண்டிருப்பார்களா? வியாழன், வெள்ளியிலேயே செய்து மூடி வைத்துவிட்டு, ஞாயிறன்று கத்தியை மட்டும் எடுக்கிற மாதிரி இருக்க வேண்டும்.

ஐரோப்பாவில் தலைமுறை தலைமுறையாக ஈஸ்டருக்குச் செய்துவரும் பலகாரங்களில் சில அப்படித்தான் இருக்கின்றன. அவற்றில் மூன்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்: இங்கிலாந்தின் சிம்னல் கேக், ரஷ்யாவின் பாஸ்கா, இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்தின் பாஸ்தியேரா.

வேறு பெயர்களும் நினைவுக்கு வரும். ஹாட் கிராஸ் பன் பெரிய வெள்ளிக்கு உரியது. சுட்ட அன்றே தீர்ந்துவிட வேண்டும், மறுநாள் காய்ந்துபோகும். புறா வடிவில் வரும் மிலானின் கொலொம்பா 1930-களில் மோட்டா நிறுவனத்தால் பிரபலமானது. அதன் புளித்த மாவை வீட்டில் வைத்துப் பராமரிப்பதற்குள் அலுத்துவிடும், கிடைக்கும் ஊரில் கடையில் வாங்குவதே மேல். சாக்லேட் முட்டையை ஏப்ரல் மாதச் சென்னையிலோ மதுரையிலோ வீட்டில் வார்க்க நினைப்பவர்களுக்கு ஏ.சி. அறை வேண்டும்.

சரி, முதலில் சிம்னல்.

கிறிஸ்துமஸ் பிளம் கேக் செய்து பழகிய கைக்கு இதில் புதிதாக இருப்பது மார்சிபன் மட்டும்தான், அதாவது பாதாமும் சர்க்கரையும் சேர்த்த விழுது. கேக் மாவில் பாதியை டின்னில் போட்டு, அதன்மேல் வட்டமாகத் தேய்த்த மார்சிபனை வைத்து, மீதி மாவை மேலே பரப்பிச் சுடுவார்கள். வெந்து ஆறியதும் மேலே ஆப்ரிகாட் ஜாம் தடவி இன்னொரு மார்சிபன் வட்டம். விளிம்பைச் சுற்றிப் பதினோரு உருண்டைகள். யூதாஸ் நீங்கலாக மற்றச் சீடர்கள். இயேசுவுக்கென்று நடுவில் பன்னிரண்டாவது உருண்டை வைப்பவர்களும் உண்டு. பிள்ளைகள் நிறைய வரும் வீட்டில் அது வசதி.

முன்பெல்லாம் இது தவக்காலத்தின் நான்காம் ஞாயிறுக்கு, அதாவது இங்கிலாந்தின் ‘மதரிங் சண்டே’ நாளுக்கு, உரிய கேக்காக இருந்தது. ஷ்ரூஸ்பரி, பெரி, டிவைசஸ் என்று ஊருக்கு ஒரு விதம்; டிவைசஸில் நட்சத்திர வடிவில்கூடச் செய்தார்கள். பிறகுதான் ஈஸ்டருக்கு நகர்ந்தது.

20 செ.மீ. டின்னுக்கு வெண்ணெய், சர்க்கரை, மைதா தலா 175 கிராம், முட்டை மூன்று, உலர்பழங்கள் 400 கிராம், மார்சிபன் அரைக் கிலோ. 150 டிகிரியில் ஏறக்குறைய 2 மணி நேரம். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வெந்துவிட்டதா என்று குச்சி குத்திப் பார்த்தால் அது எப்போதும் பிசுபிசுப்பாகத்தான் வரும், ஏனென்றால் நடுவில் இளகிய மார்சிபன் இருக்கிறது. குச்சியை நம்பி இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விட்டால் ஓரம் வறண்டுவிடும். மேல்பக்கத்தை விரலால் அழுத்தினால் எழும்பி வருகிறதா, ஓரம் டின்னை விட்டு விலகுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பாதாம் விலை கட்டுப்படியாகாதவர்கள் கோவாக்காரர்களைப் பார்க்கலாம். அங்கே மார்சிபனை முந்திரியில்தான் செய்கிறார்கள், ஈஸ்டர் முட்டைகளையும் அதிலேயே அச்சு வார்க்கிறார்கள். வழக்கமான செய்முறையில் பச்சை முட்டை வெள்ளை சேரும். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் கொடுக்கிற பலகாரத்தில் அது வேண்டாம் என்றே சொல்வேன். முந்திரி கத்லிக்குச் செய்வது போலச் சர்க்கரைப் பாகில் கிளறி எடுத்தாலே போதும். கடைசியில் மேல்பரப்பைக் கிரில்லுக்கு அடியில் காட்டிப் பொன்னிறமாக்க வேண்டும். அப்போது அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. உருண்டைகளின் தலை சிவக்கத் தொடங்கியதிலிருந்து கருகுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

சிம்னலின் பலம் அதன் ஆயுள். காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரம் தாராளமாக இருக்கும், வெயிலுக்கு அசையாது, பார்சல் கட்டி அடுத்த ஊருக்கு அனுப்பலாம். பலவீனம் இனிப்பு. உலர்பழத்தின் இனிப்பு, அதன்மேல் மார்சிபனின் இனிப்பு. பிரியாணி சாப்பிட்ட வயிற்றுக்கு ஒரு விரல் அகலத் துண்டுக்கு மேல் போகாது.

பாஸ்காவுக்கு வருவோம். மூன்றில் இது ஒன்றுதான் ஓவனே இல்லாமல் ஆகிறது. ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் முறைப்படித் தவக்காலம் முழுவதும் இறைச்சியோடு பால், வெண்ணெய், முட்டை எல்லாவற்றையும் விலக்குவார்கள். அத்தனை நாள் விலக்கியதை எல்லாம் ஒரே அச்சில் போட்டு அமுக்கினால் அதுதான் பாஸ்கா. த்வோரொக் என்கிற புதுப் பாலாடைக்கட்டி, வெண்ணெய், கிரீம், முட்டை மஞ்சள் கரு, சர்க்கரை, பாதாம், பழத்துண்டுகள். தலை வெட்டிய பிரமிடு வடிவத்தில் மர அச்சு இருக்கும். பக்கத்தில் ‘கிறிஸ்து உயிர்த்தார்’ என்பதன் முதலெழுத்துகள் செதுக்கியிருக்கும். கூலிச் என்ற உயரமான ரொட்டியோடு சேர்த்துக் கூடையில் வைத்துக் கோயிலுக்கு எடுத்துப்போய் மந்திரித்துக்கொண்டு வருவார்கள்.

நம் சமையலறையில் த்வோரொக்குக்கு மிக நெருக்கமானது வீட்டில் திரித்த சென்னா, அதாவது பாலைத் திரித்து வடித்தெடுத்த கட்டி. கடைப் பனீர் வேண்டாம். எவ்வளவு அரைத்தாலும் ரப்பர்த்தனம் போகாது. 3 லிட்டர் கொழுப்புள்ள பாலைத் திரித்தால் அரைக் கிலோ அளவுக்குக் கிடைக்கும். எலுமிச்சை விட்டுத் திரித்ததைத் தண்ணீரில் லேசாக அலசினால் போதும், கொஞ்சம் புளிப்பு இருக்கட்டும், த்வோரொக்கிலும் அது உண்டு. மிக்சியில் அரைத்த பிறகும் ஒரு சல்லடையில் தேய்த்து எடுங்கள். பாஸ்காவின் மானம் அந்த வழுவழுப்பில்தான் இருக்கிறது. இரண்டு அல்லது மூன்று மஞ்சள் கருவை 100 கிராம் சர்க்கரை, 100 மி.லி. கிரீமோடு சிறு தீயில் கரண்டியில் ஒட்டும் பதம் வரை காய்ச்சி, 100 கிராம் வெண்ணெயைப் போட்டுக் கலக்கி, நன்றாக ஆறவிட்டு, சென்னாவோடு சேர்க்க வேண்டும். முட்டை வேண்டாதவர்கள் மஞ்சள் கருவை விட்டுவிட்டுக் கிரீமை மட்டும் கூட்டலாம். கட்டி நிற்கும், ஆனால் ருசி ஒரு படி குறையும்.

மர அச்சுக்கு எங்கே போவது? அடியில் ஓட்டை உள்ள புது மண் பூந்தொட்டி ஒன்று வாங்கி, வெந்நீரில் நன்றாகக் கழுவி, ஈரமான மெல்லிய பருத்தித் துணியை இரண்டாக மடித்து உள்ளே விரித்துக்கொள்ளுங்கள். கலவையை நிரப்பித் துணியை மேலே மடித்து, ஒரு தட்டும் அதன்மேல் அம்மிக் குழவியோ ஒரு கிலோ அரிசிப் பையோ வைத்து, ஃபிரிஜ்ஜில் ஒரு நாள். காலையில் பார்த்தால் கீழே வைத்த தட்டில் வெளிறிய நீர் தேங்கியிருக்கும். கவிழ்த்துத் துணியை உரிக்கும்போது நெசவின் கோடுகள் பக்கங்களில் அப்படியே பதிந்திருக்கும். அதைக் கத்தியால் வழித்து மழமழப்பாக்க ஆசை வரும், விட்டுவிடுங்கள், அழகே அதுதான்.

பாஸ்காவுக்கு எதிரி நம் வெயில். ஃபிரிஜ்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரத்துக்குள் பரிமாறி முடிக்க வேண்டும். மொட்டை மாடியில் விருந்து என்றால் இதை நினைக்கவே வேண்டாம். தனியாகவும் சாப்பிட முடியாது, அவ்வளவு கனம். கூலிச் செய்யப் பொறுமை இல்லாதவர்கள் பேக்கரியில் நல்ல இனிப்பு பன் வாங்கி, அதன்மேல் தடவிக் கொடுக்கலாம்.

இனி பாஸ்தியேரா. மூன்றையும் வரிசையாக வைத்து எனக்கு ஒன்றுதான் என்றால் என் கை போவது இதன் பக்கம்தான்.

வெண்ணெய் மாவில் செய்த மேலோட்டுக்குள் ரிக்கோட்டா என்ற மென்மையான பாலாடைக்கட்டி, முட்டை, சர்க்கரை, பாலில் வெந்த முழுக் கோதுமை, ஆரஞ்சுப்பூ நீர், சர்க்கரைப்பாகில் ஊறிய சிட்ரான் தோல். மேலே பின்னல் போல மாவுப் பட்டைகள். ஏழு பட்டைகள் வைப்பது நேப்பிள்ஸ் வழக்கம். பழைய நகரத்தின் தெரு அமைப்பைக் குறிக்கிறது என்பார்கள். அந்த ஊரின் சான் கிரகோரியோ அர்மேனோ மடத்துக் கன்னியர்கள் இதைச் செய்வதில் பேர்போனவர்கள். சிரிக்கவே தெரியாத அரசி மரியா தெரேசா ஒரு துண்டு சாப்பிட்டுப் புன்னகைத்தாள், அடுத்த புன்னகைக்கு அடுத்த ஈஸ்டர் வரை காத்திருக்க வேண்டும் என்று கணவர் இரண்டாம் ஃபெர்டினாண்ட் அலுத்துக்கொண்டார் என்று ஒரு கதையும் உண்டு.

கோதுமையைப் பாலில் வேகவைப்பது என்றதும் நமக்கு அந்நியம் போய்விடுகிறது. கோதுமைப் பாயசம் வைத்த வீட்டில் பாதி வேலை ஏற்கெனவே தெரியும். இத்தாலியில் ஈஸ்டர் நெருங்கினால் வேகவைத்த கோதுமையைப் பாட்டிலில் விற்பார்கள். நமக்கு அது தேவையில்லை. பாயசத்துக்கு வாங்கும் தோல் நீக்கிய கோதுமையை இரவு ஊறவைத்து, குக்கரில் மெத்தென்று வேகவிடுங்கள். வெந்தது 300 கிராம் இருந்தால் போதும். அதில் ஒரு தம்ளர் பால், ஒரு கரண்டி வெண்ணெய், எலுமிச்சைத் தோல் சீவல் சேர்த்துச் சிறு தீயில் கிளறுங்கள். முதலில் பால் தனியாகவும் மணி தனியாகவும் நிற்கும். கால் மணி நேரம் கழித்து மாவுச்சத்து இறங்கிப் பால் கெட்டிப்பட்டு ஒவ்வொரு மணியையும் பூசிக்கொள்ளும். கரண்டியால் நடுவில் கோடு இழுத்தால் உடனே மூடக் கூடாது. அதுதான் பதம்.

ரிக்கோட்டா கிடைக்காத ஊரில் இங்கேயும் சென்னாதான்: 350 கிராம், கொஞ்சம் கிரீம் விட்டு அரைத்தது. அதில் 250 கிராம் சர்க்கரை கலந்து ஓர் இரவு ஃபிரிஜ்ஜில் வைத்தால் சர்க்கரை கரைந்து தளர்ந்து வரும். மறுநாள் மூன்று முழு முட்டையும் இரண்டு மஞ்சள் கருவும் ஆறிய கோதுமையும் சேரும். ஆரஞ்சுப்பூ நீர் கிடைக்கவில்லை என்றால் பன்னீரை ஊற்றிவிடாதீர்கள், அது வேறு பலகாரமாகிவிடும். ஆரஞ்சுத் தோலைச் சீவிப் போடுவது எவ்வளவோ மேல். சிட்ரான் நம் நார்த்தங்காய்க்கு உறவுதான்; நார்த்தங்காய்த் தோலைக் கசப்பு போக வேகவைத்துப் பாகில் ஊறவைத்தால் டூட்டி ஃப்ரூட்டியைவிட நூறு மடங்கு மணக்கும். டூட்டி ஃப்ரூட்டி என்பது பப்பாளிக்காய்தானே, அதில் வாசனை எங்கிருந்து வரும்?

170 டிகிரியில் ஒன்றேகால் மணி நேரம். ஓ.டி.ஜி. என்ற சிறிய மின்சார ஓவனில் மேல்பக்கம் சீக்கிரம் சிவந்துவிடும், பாதியில் ஃபாயில் போட்டு மூடுங்கள். வேகும்போது நடுப்பகுதி குப்பென்று எழும்பும், வெளியே எடுத்ததும் அமுங்கும். பயப்பட வேண்டாம், அமுங்கத்தான் வேண்டும். டின்னிலேயே ஆறட்டும்.

இங்கேதான் மற்ற இரண்டிலிருந்தும் இது பிரிகிறது. சிம்னல் வைத்திருந்தால் கெடாது; பாஸ்கா வைத்திருந்தால் இறுகும்; பாஸ்தியேராவோ வைத்திருந்தால் ருசி ஏறும். சுட்ட அன்று வெட்டினால் முட்டை வாடை தூக்கலாக இருக்கும், கோதுமை தனியாக நெருடும். இரண்டு நாள் போனால் மணி ஈரத்தை இழுத்துக்கொண்டு, ஆரஞ்சு மணம் உள்ளே இறங்கி, எல்லாம் ஒன்றாகிவிடும். அதனால்தான் நேப்பிள்ஸில் பெரிய வியாழனோ வெள்ளியோ சுட்டுவிட்டு ஞாயிறு வரை தொடாமல் வைக்கிறார்கள். அங்கே வசந்தக் குளிரில் வெளியே வைப்பார்கள். நம் ஊரில் ஆறியதும் ஃபிரிஜ்ஜில் வைத்து, பரிமாற ஒரு மணி நேரம் முன்னால் எடுத்தால் சரியாக இருக்கும். இனிப்பும் அளவோடுதான், பன்னிரண்டு பேருக்குத் தாராளமாக வரும்.

குறை இல்லாமல் இல்லை. உழைப்பு மூன்றிலும் இதற்குத்தான் அதிகம்: மேலோடு ஒரு வேலை, கோதுமை ஒரு வேலை, சென்னா ஒரு வேலை. புதன்கிழமை இரவு ஊறவைக்க மறந்தால் திட்டமே தள்ளிப்போகும். பார்வைக்கும் சாதுவாக இருக்கும். சிம்னலின் உருண்டைகள் மாதிரியோ பாஸ்காவின் கோபுரம் மாதிரியோ மேசையில் கண்ணை இழுக்காது. செலவு என்று பார்த்தால் சிம்னல்தான் கையைக் கடிக்கும், பாதாம் விலை அப்படி. மற்ற இரண்டும் பால் விலையோடு முடிந்துவிடும்.

ஆகவே ஓவன் இல்லாத வீட்டுக்கு, ஆறேழு பேர் மட்டும் வரும் இரவு விருந்துக்கு, பாஸ்கா. அக்கம்பக்கத்துக்கெல்லாம் பங்கு கொடுக்க வேண்டும், மகன் விடுதிக்கு எடுத்துப்போக வேண்டும் என்றால் சிம்னல், அதுவும் பெரிய வெள்ளிக்கு முந்தைய வாரமே. வாரத்தின் நடுவில் ஒரு மாலை ஒழிவாகக் கிடைக்கிறவர்கள் பாஸ்தியேராவையே செய்யுங்கள்.

பாஸ்காவிலும் பாஸ்தியேராவிலும் முட்டை வெள்ளை மீந்துபோகும். அதைக் கொட்டிவிட வேண்டாம். நுரை பொங்க அடித்து, சர்க்கரையும் பொடித்த முந்திரியும் சேர்த்து, சின்னச் சின்ன கூம்புகளாகப் பிழிந்து, மிகக் குறைந்த சூட்டில் ஓவனில் உலரவிட்டால் தூத்துக்குடி மக்ரூன் தயார். ஆறியதும் உடனே டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள், கடற்கரை ஊர்களில் ஒரு மணி நேரத்திலேயே நமுத்துப்போகும்.