பம்ப், கேப்ஸ்யூல், ஸ்பேசர்: அப்பாவுக்கு எது ஒத்துவந்தது

அப்பா மதுரை கீழமாசி வீதியில் முப்பது வருடம் வற்றல் மூட்டை தூக்கியவர். இப்போது வயது எழுபது. மார்கழி பிறந்தாலே இளைப்பு வந்துவிடும். நாலு வருடமாக ஒவ்வொரு வகை இன்ஹேலராக மாற்றிப் பார்த்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் வாங்கியது பம்ப். மருந்துக் கடையில் டப்பாவைக் கையில் கொடுத்ததோடு சரி, எப்படி இழுப்பது என்று யாரும் சொல்லவில்லை. அப்பா முதலில் அழுத்துவார், அப்புறம்தான் மூச்சை இழுப்பார். உதட்டோரம் வெள்ளையாகப் புகை போகும். "தொண்டைதான்த்தா கசக்குது, நெஞ்சுக்கு ஒண்ணும் போகல" என்பார். அவர் சொன்னதுதான் நிஜம். பம்ப்பிலிருந்து மருந்து சீறிக்கொண்டு வரும். அழுத்தும்போதே மெதுவாக, ஆழமாக இழுக்க வேண்டும். அந்த நேரம் தப்பினால் மருந்து வாயிலும் தொண்டையிலும் தங்கிவிடும்.

அடுத்தது, கேப்ஸ்யூலைப் போட்டு உறிஞ்சும் வகை. இதை நானும் கல்லூரிக் காலத்திலிருந்து வைத்திருக்கிறேன். எனக்கு இதுதான் வசதி. கைப்பைக்குள் அடங்கும், கேப்ஸ்யூல் காலியானதைக் கண்ணால் பார்க்கலாம். ஆனால் பொடியை நம் மூச்சுதான் இழுத்துப் போக வேண்டும். அதனால் வேகமாக, பலமாக உறிஞ்ச வேண்டும். இளைப்பு கூடிய ராத்திரியில் அப்பாவுக்கு அந்தத் தெம்பு இல்லை. திறந்து பார்த்தால் பாதிப் பொடி அப்படியே இருக்கும். பார்க்கவே வயிற்றைப் பிசைந்தது.

மறுபடி பம்ப்புக்கே வந்தோம், இந்தத் தடவை ஸ்பேசரோடு. சில நூறு ரூபாய் பிளாஸ்டிக் குழாய்தான். ஒருமுனையில் பம்ப்பைச் செருகி, மறுமுனையில் வாய் வைத்து, ஒரு அழுத்து. மருந்து குழாய்க்குள் வேகம் தணிந்து நிற்கும். நிதானமாக இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்கினால் போதும். நர்ஸம்மா ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து நாலு தடவை செய்ய வைத்தார். அன்று ராத்திரி அப்பா படுத்தே தூங்கினார். அதுவரை சுவரில் சாய்ந்துதான் தூக்கம்.

ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, தானாகக் காயவிடுங்கள். நான் முதலில் பழைய வேட்டித் துணியால் துடைத்தேன். துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் வந்து மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளுமாம். ஸ்டீராய்டு மருந்து என்றால் இழுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படரும். பம்ப் தீர்ந்ததா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பதை நம்பாதீர்கள். இன்னும் எத்தனை அழுத்து மீதி என்று எண் காட்டும் பம்ப்பாகக் கேட்டு வாங்குங்கள்.

மருந்துத் தண்ணீரைப் புகைபோல் ஆக்கித் தரும் மெஷினான நெபுலைசரை வாங்கச் சொல்லிப் பக்கத்து வீட்டு அத்தை சொன்னார். சாதாரண இளைப்புக்கு ஸ்பேசரே போதும் என்றார் டாக்டர், வாங்கவில்லை.

ஸ்பேசரில் ஒரே குறை, சட்டைப் பைக்குள் போகாது. திருமங்கலத்தில் தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பும்போது அப்பா அதை மஞ்சப்பையில் வெற்றிலைப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்.