கோவில்பட்டி கரிசலில் இறங்கிய வீட்டு மூலை: அண்டர்பின்னிங் (பழைய அஸ்திவாரத்துக்கு அடியில் புதுக் கான்கிரீட் போட்டுத் தாங்க வைப்பது) செய்தவர்கள் பற்றி

வீடு 1998ல் அப்பா கட்டியது, கடைக்கால் நாலடிதான். தென்கிழக்கு மூலையில் ஜன்னலிலிருந்து படிப்படியாக ஏறிய விரிசலை மூன்று வருடம் பூசிப் பூசிப் பார்த்தோம். ஒரு கம்பெனி சுவரில் ஓட்டை போட்டு கெமிக்கல் ஏற்றிவிட்டு, இனி கவலையே வேண்டாம் என்று பணத்தை வாங்கிப் போனது. அடுத்த சித்திரையில் அதே இடம் மறுபடி பிளந்தது, ஒரு ரூபாய்க் காசு உள்ளே போகும் அளவுக்கு.

அப்புறம்தான் இந்த இன்ஜினியர் வந்தார். சுவரை விட வெளியே மண்ணைத்தான் அதிக நேரம் பார்த்தார். விரிசலுக்குக் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டை சிமெண்டால் ஒட்டித் தேதி எழுதி, "இது உடையட்டும், அப்புறம் பேசுவோம்" என்று போய்விட்டார். எனக்கு எரிச்சல்தான். ஆறாவது வாரம் கண்ணாடி இரண்டாக விட்டிருந்தது, சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். கரிசல் மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அந்த மூலையில் மட்டும் வேப்பமரம் கோடையில் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்க, மண் சுருங்கி மூலை கீழே போகிறது என்றார். மரத்தை வெட்டிவிடலாமா தம்பி என்று அம்மா கேட்டதற்கு, "வேண்டாம்மா, உறிஞ்சுறதுக்கு மரம் இல்லேன்னா மண்ணு திரும்ப உப்பி வீட்டைத் தூக்கும்" என்றார். இதை அதற்கு முன் வந்த யாரும் சொல்லவில்லை.

வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது அவசரப்படாததுதான். பழைய அஸ்திவாரத்துக்கு அடியில் நாலடி நீளக் குழியாக, ஒன்று விட்டு ஒன்று தோண்டினார்கள், பக்கத்துக் குழி கான்கிரீட் இறுகும் வரை அடுத்ததைத் தொடவே இல்லை. ஒன்பதடியில் சரளை தட்டிய பிறகுதான் கான்கிரீட் போட்டார்கள். பழைய அஸ்திவாரத்துக்கும் புதுக் கான்கிரீட்டுக்கும் நடுவே விட்டிருந்த சந்தில், தண்ணீர் குறைந்த கெட்டிக் கலவையை ஒருவர் குழிக்குள் குந்தியபடி கட்டையால் குத்திக் குத்தித் திணித்தார், தொம் தொம் என்ற சத்தம் டக் டக் என்று மாறும் வரை. அந்தச் சந்து சரியாக நிரம்பாவிட்டால் பாரம் கீழே இறங்காது, செய்ததெல்லாம் வீண் என்று அவரே சொன்னார்.

குறையும் உண்டு. சொன்னதை விடப் பன்னிரண்டு நாள் கூடுதல், அள்ளிய மண்ணை அம்மாவின் மல்லிகைக் கொடி மேலேயே கொட்டிவிட்டார்கள், கேட்டும் அள்ளவில்லை. செலவு மொத்தம் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம், எங்களுக்கு அது பெரிய தொகைதான். ஆனாலும் இரண்டு ஐப்பசி மழையும் ஒரு கோடையும் போய்விட்டது, புதிதாக ஒட்டிய கண்ணாடி அப்படியே இருக்கிறது, சமையலறைக் கதவு நிலையில் உரசாமல் சாத்துகிறது. கூப்பிடுவதாக இருந்தால் கோடையிலேயே கூப்பிடுங்கள், மழை தொடங்கிவிட்டால் குழி தோண்ட அவர்கள் வருவதில்லை.