வெந்நீர்த் தவலையும் கங்காளமும்: ஏழு ஆண்டுப் புழக்கத்துக்குப் பிறகு

கொல்லையில் கவிழ்ந்து கிடந்த பாட்டியின் செப்புத் தவலையையும் பித்தளைக் கங்காளத்தையும் 2018இல் மறுபடி புழக்கத்துக்குக் கொண்டுவந்தேன். கழுத்து குறுகிய தவலையில் வெந்நீர் காயும். வாய் அகன்ற கங்காளத்தில் விளாவிக் குளிக்கலாம். குழாய் வருவதற்கு முன் எங்கள் வீட்டில் குளியல் என்றால் இந்த இரண்டும்தான்.

சூட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. செம்பு பித்தளையைவிட மூன்று மடங்குக்கு மேல் வெப்பம் கடத்தும். நாலு தென்னை மட்டை எரிவதற்குள் ஆவி பறக்கிறது. மூடிவைத்து, தணலை அப்படியே விட்டால் கடைசியாகக் குளிப்பவருக்கும் சூடு மிஞ்சும். ஆனால் இதில் குளித்தால் நோய் தீரும் என்று நம்பி யாரும் வாங்க வேண்டாம், வெந்நீர் வெந்நீர்தான்.

தேய்ப்பதுதான் தண்டனை. அடுப்பில் ஏற்றும் முன் அடியில் களிமண் பூசினால் கரி மண்ணோடு உதிர்ந்துவிடும். அம்மா இதைச் சொல்வதற்குள் ஓர் ஆண்டு கரியோடு மல்லுக்கட்டியாகிவிட்டது. உட்புறத்துக்குக் குறுக்குவழி கிடையாது. முழங்கைக்கு மேல் கையை விட்டுப் புளியால் தேய்க்க வேண்டும். புளியின் அமிலம் களிம்பைக் கரைக்கும். போர்வெல் தண்ணீரின் வெள்ளை உப்பையும் இளக்கும். சரியாக அலசாவிட்டால் மறுநாளே பச்சை பூத்துவிடும்.

மூன்றாம் ஆண்டு ஒரு காலையில், அடியில் இரண்டு செம்புத் தண்ணீர் மட்டும் இருக்க, தீயை மூட்டிவிட்டுத் தொலைபேசியில் பேசப் போய்விட்டேன். பல் பல்லாகக் கோத்துப் பற்றவைத்திருந்த மூட்டு விட்டுப்போயிற்று. பற்றுவைக்கும் பெரியவர் பார்த்ததுமே, "காலியாக ஏற்றிவிட்டீர்களா, தம்பி?" என்றார். செம்பின் சிவப்பில் அவர் வைத்த மஞ்சள் கோடு இன்றும் தெரிகிறது. ஒரு சொட்டு ஒழுகியதில்லை.

பழையதை வாங்குகிறவர்கள் பாத்திரத்தை வெயிலுக்கு எதிரே பிடித்து உள்ளே பாருங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் வேண்டாம். கங்காளத்தை வைத்த இடத்திலேயே நிரப்புங்கள். நாற்பது லிட்டர் பிடித்தால் தண்ணீர் மட்டுமே நாற்பது கிலோ.

கங்காளத்தின் விளிம்பில் பாட்டியின் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கிறார்கள். நான் தேய்த்த தேய்ப்பில் கடைசி எழுத்து பாதி மழுங்கிவிட்டது. இப்போது அந்த இடத்தில் மட்டும் புளி வைப்பதில்லை, கறுத்தே இருக்கிறது.