குண்டு பல்பை விட்ட பிறகு: எல்.இ.டி.யில் தீராத ஒரு குறை

வீட்டில் மிச்சமிருக்கும் குண்டு பல்பு, சி.எஃப்.எல். எல்லாவற்றையும் ஒரேயடியாக எல்.இ.டி.க்கு மாற்றிவிடலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். மாற்றலாம். 60 வாட் குண்டு பல்பு தரும் 700, 800 லூமென் வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. தந்துவிடுகிறது. தினம் 5 மணி நேரம் எரியும் பல்பு என்றால் ஒன்றுக்கே வருடத்துக்கு 93 யூனிட் மிச்சம். இந்தக் கணக்கில் எந்தத் தகராறும் இல்லை. தகராறு முழுவதும் அட்டைப்பெட்டியில் இருக்கும் இன்னொரு எண்ணோடுதான்: 25,000 மணி நேரம்.

தினம் 5 மணி நேரம் என்று வைத்தால் அது 13 வருடத்துக்கும் மேல். பல வருடப் பயன்பாட்டில், கீழ்ப்பக்கம் திறந்த ஹோல்டரில் தொங்கும் பல்புகள் நன்றாகவே உழைக்கின்றன. மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் போனவையோ இரண்டு வருடம் தாண்டினாலே பெரிது. அதே கம்பெனி, அதே வாட், ஒரே நாளில் வாங்கியவை. மாறியது இடம் மட்டும்தான்.

காரணம் சூடு. குண்டு பல்பும் சூடாகும், ஆனால் அந்தச் சூட்டில் பெரும்பகுதி அகச்சிவப்புக் கதிராகக் கண்ணாடி வழியே வெளியே போய்விடும். உள்ளே கெட்டுப்போகிற எலெக்ட்ரானிக் பாகம் எதுவும் கிடையாது. எல்.இ.டி. அப்படிச் சூட்டை வீசி எறியாது. 9 வாட்டில் பாதிக்கு மேல் சூடாகவே மாறுகிறது. அது வெளிச்சம் தரும் சிப்பிலிருந்து அலுமினியத் தகட்டுக்கு, தகட்டிலிருந்து பல்பின் உடம்புக்கு, உடம்பிலிருந்து காற்றுக்கு என்று ஊர்ந்துதான் வெளியேற வேண்டும். சுற்றியிருக்கும் காற்று அடைபட்டிருந்தால் சூடு அங்கேயே தங்கிவிடும். தலைகீழாகத் தொங்கும் பல்பில் சூடு மேலே ஏறும், அங்கே கழுத்துப் பகுதியில் உட்கார்ந்திருப்பது டிரைவர், அதாவது வீட்டு மின்சாரத்தை எல்.இ.டி.க்கு ஏற்றபடி மாற்றித் தரும் சர்க்யூட்.

டிரைவரில் எலெக்ட்ரோலிட்டிக் கபாசிட்டர் ஒன்று இருக்கும், மின்சாரத்தைச் சீராக்கும், உள்ளே திரவம் கொண்ட பாகம். அதன் உறையிலேயே 105 டிகிரி என்று அச்சடித்திருப்பார்கள். 105 டிகிரியில் 5,000 மணி நேரம் தாங்கும் கபாசிட்டர், 95 டிகிரியில் சுமார் 10,000, 85 டிகிரியில் சுமார் 20,000 மணி நேரம் தாங்கும். 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பு என்பது இந்தத் துறையில் எல்லோரும் வைத்துக்கொள்ளும் கணக்கு. அதைத் திருப்பிப் போடுங்கள். கூண்டுக்குள் 20 டிகிரி கூடினால் ஆயுள் நான்கில் ஒரு பங்கு. அட்டையில் உள்ள 25,000 பெரும்பாலும் சிப்பின் வெளிச்சம் 70 சதவீதத்துக்கு மங்க எடுக்கும் நேரத்தை வைத்துச் சொல்லப்படுவது. டிரைவர் அதுவரை உயிரோடு இருக்குமா என்பதை அந்த எண் சொல்வதில்லை. "மூடிய கூண்டில் பயன்படுத்த வேண்டாம்" என்ற வரி சில பெட்டிகளில் இருக்கிறது, பொடி எழுத்தில். அதை 25,000-க்குப் பக்கத்தில், அதே அளவில் அச்சடிக்க வேண்டும். இதை எத்தனை முறை நினைத்தாலும் கோபம்தான் வருகிறது.

செத்த பல்பு எப்படிச் சாகிறது என்பதைக் கவனித்தால் காரணம் ஓரளவு பிடிபடும். போட்டதும் எரிந்து, சில நிமிடத்தில் அணைந்து, மறுபடி தானே எரிந்தால், ஏதோ ஒரு எல்.இ.டி.யின் உள் இணைப்பு சூட்டில் விலகி, ஆறியதும் ஒட்டிக்கொள்கிறது. வெளிச்சம் நடுங்கினால், அல்லது போனில் படம் எடுக்கும்போது புதிதாகப் பட்டை பட்டையாகத் தெரிந்தால், கபாசிட்டர் வறண்டிருக்கலாம். முழு இருட்டு என்றால் மேல்மூடியைத் தட்டையான ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிப் பாருங்கள். தகட்டில் வட்டமாக இருக்கும் மஞ்சள் புள்ளிகள்தான் எல்.இ.டி.க்கள்; பெரும்பாலும் அவற்றில் ஒன்றின் நடுவே கறுப்புப் பொட்டு இருக்கும். எல்லாமே தொடர் இணைப்பு என்பதால், ஒன்று அறுந்தால் மொத்தமும் இருட்டு.

அந்த ஒன்றைப் பெயர்த்துவிட்டு இரண்டு முனையையும் ஈயம் வைத்து இணைத்தால் பல்பு எரியும். பலரும் அதோடு விட்டுவிடுகிறார்கள், சில வாரத்தில் அடுத்த பொட்டு விழுகிறது. மலிவு விலை பல்புகளில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் லீனியர் வகை ஐ.சி., மிஞ்சும் வோல்ட்டைச் சூடாக்கியே தீர்க்கும் சிறு சில்லு. ஒரு எல்.இ.டி. குறைந்தால் அதற்குப் போக வேண்டிய வோல்ட்டை ஐ.சி.யே சூடாக விழுங்குகிறது, தகடு இன்னும் காய்கிறது. ஒன்றுக்கு மேல் ஷார்ட் செய்வதில் பயனில்லை. செய்வதானால் கூடவே மின்னோட்டத்தையும் குறையுங்கள். ஐ.சி.க்குப் பக்கத்தில் சின்ன ரெசிஸ்டர் இரண்டு பக்கவாட்டில் இணைந்திருக்கும். இரண்டும் ஒரே மதிப்பு என்றால், ஒன்றை எடுத்ததும் மின்னோட்டம் பாதியாகும். வெளிச்சம் பாதிக்கும் கொஞ்சம் மேலேயே நிற்கும், ஏனென்றால் குளிர்ந்த சிப் கூடுதல் திறனோடு எரியும். படிக்கட்டு, கழிப்பறை, நடைபாதைக்கு இது தாராளம். பல்பைத் தொட்டாலே வித்தியாசம் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. இந்தத் தகட்டில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் நேரடியாக மெயின் மின்சாரத்தோடு தொடர்புள்ளது. மூடி இல்லாமல் ஹோல்டரில் போட்டுச் சோதிக்கவே கூடாது. கழற்றிய பிறகும் கபாசிட்டரில் மின்சாரம் கொஞ்ச நேரம் நிற்கும். சால்டரிங் பழக்கம் இல்லாதவர்கள் புது பல்பு போடுவதே நல்லது.

அணைத்த பிறகும் இருட்டில் மங்கலாக ஒளிரும் பல்பைப் பற்றியும் அதே நண்பர் கேட்டிருந்தார். அது பல்பின் கோளாறு இல்லை. முதலில் டெஸ்டர் வைத்துப் பாருங்கள்: ஸ்விட்ச் அணைந்த நிலையில் ஹோல்டரில் பேஸ் (மின்சாரம் வரும் கம்பி) இருந்தால், ஸ்விட்ச் நியூட்ரலில் (திரும்பிப் போகும் கம்பி) போடப்பட்டிருக்கலாம். அப்படியென்றால் அதைப் பேஸுக்கு மாற்றியே ஆக வேண்டும், பல்பு மாற்றுபவரின் உயிர்ப் பிரச்சினை அது. வயரிங் சரியாக இருந்தும் மினுங்கினால், ஸ்விட்சுக்குள் இருக்கும் இன்டிகேட்டர் விளக்கு வழியாகக் கசியும் துளி மின்சாரம் காரணமாக இருக்கலாம். குண்டு பல்பு அதைக் காட்டிக்கொடுக்காது, எல்.இ.டி. காட்டிக்கொடுக்கும். இன்டிகேட்டரைக் கழற்றினால் தீர்ந்தது. கழற்ற மனமில்லை என்றால் 0.1 மைக்ரோ ஃபாரட், 275 வோல்ட் ஏ.சி. எக்ஸ்2 வகை (மெயின் மின்சாரத்துக்குக் குறுக்கே போடவென்றே செய்யப்பட்ட) கபாசிட்டர் ஒன்றை ஹோல்டரின் இரு முனைக்கும் குறுக்கே போடலாம். வேறு வகை கபாசிட்டர் வேண்டாம்.

டியூப்லைட் மாற்றுபவர்கள் சோக்கைக் கழற்றாமல் விடுவது வழக்கம். எந்த வகை எல்.இ.டி. டியூப் என்று உறையில் உள்ள படத்தைப் பாருங்கள். சில வகைக்குச் சோக்கு இருக்கலாம், ஸ்டார்ட்டருக்குப் பதில் அவர்கள் தரும் போலி ஸ்டார்ட்டரைப் போட வேண்டும். மற்றவற்றுக்கு இரண்டையுமே நீக்கி நேரடி இணைப்புதான்.

நிறத்தைப் பொறுத்தவரை, குண்டு பல்பின் மஞ்சள் ஒளிக்குப் பழகியவர்கள் 2,700 கெல்வின் வாங்கட்டும். 6,500 படுக்கையறைக்கு ஆகாது. கண்ணாடி முன்னாலும் துணி பார்க்கும் இடத்திலும் சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90-க்கு மேல் உள்ளதைத் தேடிப் போடுங்கள். 80-இல் சிவப்பு செத்துத் தெரியும். ஓவனுக்குள் மட்டும் எல்.இ.டி. போட வழியே இல்லை, அந்தச் சூட்டில் குண்டு பல்புதான் நிற்கும்.

சரி, வாங்கலாமா? யூனிட் கணக்கு, வெளிச்சம், போட்டதும் எரியும் வேகம் எல்லாவற்றிலும் எல்.இ.டி. ஜெயிக்கிறது, சி.எஃப்.எல். போலப் பாதரசமும் கிடையாது. ஆனாலும் பிரித்துப் போட்ட மூன்று பல்பு மேஜையில் கிடக்கும் இன்றைக்குக் கேட்டால் ஐந்துக்கு இரண்டு மார்க்தான். மூன்றிலும் மற்ற எல்.இ.டி.க்கள் எல்லாம் நல்லபடி இருக்கின்றன, கருகியது தலா ஒன்று. குண்டு பல்புகளை இந்த வாரமே மாற்றுங்கள், கண்ணாடிக் கூண்டைக் கழற்றி வைத்துவிட்டு.