சுயாதீன சமூகப் பணியாளருக்கு ஏஜென்சி தேவையா? உள்ளே இருந்து ஒரு மதிப்பீடு

கவுன்சில் (உள்ளூராட்சிச் சபை) வேலையை விட்டுச் சுயாதீனமாக வேலை செய்யலாமா என்று என்னிடம் கேட்கும் தமிழ்ச் சமூகப் பணியாளர்கள், கையோடு இன்னொன்றையும் கேட்கிறார்கள்: "அக்கா, நீங்கள் எந்த ஏஜென்சியில் சேர்ந்தீர்கள்? நல்லதா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்துவிட்டதால் எழுதிவிடுகிறேன். ஏஜென்சியின் பெயரை எழுதவில்லை. அவர்கள் மூலம் எடுத்த ஒரு வழக்கு இன்னும் முடியவில்லை. தவிர, இங்கிலாந்தில் குடும்ப நீதிமன்ற வழக்குகளில் வேலை பிடித்துத் தரும் இந்த வகை ஏஜென்சிகள் பலவற்றின் ஒப்பந்தங்களை வாசித்திருக்கிறேன். தலைப்பில் இருக்கும் பெயரைத் தவிர அவற்றுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை.

முதலில் தொழிலைப் பற்றி, தெரியாதவர்களுக்காக. பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்க வேண்டும் என்று கவுன்சில் 1989ஆம் ஆண்டின் சிறுவர் சட்டத்தின் 31ஆம் பிரிவின்கீழ் வழக்குப் போடுகிறது. கவுன்சிலின் சமூகப் பணியாளர் ஒரு பக்கம், பிள்ளையின் நலனுக்காகப் பேச, காஃப்காஸ் என்ற அரச அமைப்பிலிருந்து வரும் கார்டியன் ஒரு பக்கம். இவர்கள் இருவரும் இருக்கும்போது மூன்றாவதாக, நிபுணர் சாட்சியாக, என்னைப் போன்ற ஒரு சுயாதீன சமூகப் பணியாளர் எதற்கு? நீதிபதியும் அதைத்தான் கேட்பார். 2014ஆம் ஆண்டின் சிறுவர் மற்றும் குடும்பச் சட்டம், நிபுணர் சாட்சியம் 'அவசியம்' என்றால் மட்டுமே அனுமதிக்கச் சொல்கிறது. பயனுள்ளது என்பது போதாது. ஆகவே எங்களை அழைப்பதென்றால், இருக்கும் மதிப்பீட்டில் ஏதோ ஓட்டை இருப்பதாக நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது என்று பொருள். கவுன்சில் சமூகப் பணியாளர் எங்களைப் புன்னகையோடு வரவேற்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். நானும் அந்த நாற்காலியில் பல வருடம் இருந்தவள். வெளியிலிருந்து ஒருவர் வந்து என் கோப்பைப் புரட்டுவது எனக்கும் பிடித்ததில்லை.

காஃப்காஸும் சுயதொழில் செய்யும் சமூகப் பணியாளர்களை அசோசியேட் என்ற பெயரில் வைத்திருக்கிறது. பிரிந்த பெற்றோருக்கு இடையிலான வழக்குகளில் அதே சிறுவர் சட்டத்தின் 7ஆம் பிரிவின்கீழ் பிள்ளையின் நலன் பற்றி அறிக்கை எழுதுவது, கார்டியனாக நிற்பது எல்லாம் அந்த வழியில் கிடைக்கும். அது வேறு உலகம். நான் சொல்லப்போவது பெற்றோர் மதிப்பீடு, உறவினர் மதிப்பீடு என்று வழக்குக்கு வழக்கு நியமிக்கப்படும் வேலையை.

ஏஜென்சி வேலை பிடித்துத் தரும் என்பதற்காகத்தான் எல்லோரும் சேர்கிறார்கள். பிடித்துத் தருகிறார்கள், உண்மை. ஒரு மின்னஞ்சல் வரும்: தாய், வயது 24, குழந்தைக்கு ஐந்து மாதம், கிழக்கு லண்டன், அறிக்கை இன்ன திகதிக்குள், மாலைக்குள் பதில் தேவை. உங்கள் தகைமைப் பத்திரத்தையும் எத்தனை மணிநேரம் ஆகும் என்ற கணக்கையும் அவர்கள் சட்டத்தரணிக்கு அனுப்புவார்கள். மூன்று நான்கு பேருடைய பெயர்கள் போகும், நீதிபதி ஒருவரைத் தெரிவார். இதற்கு ஏஜென்சி அவசியமே இல்லை. இரண்டு சட்டத்தரணி அலுவலகங்கள் உங்கள் அறிக்கையை வாசித்துவிட்டால் மூன்றாவது தானாக அழைக்கும்.

இவர்களிடம் நான் மனதாரப் பாராட்டுவது வேறு இரண்டை.

ஒன்று, அறிவுறுத்தல் கடிதத்தில் அவர்கள் போடும் சண்டை. நீதிமன்றம் அனுமதித்த பிறகு, நான் எந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று எல்லாத் தரப்புச் சட்டத்தரணிகளும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதுவார்கள். சேர்ந்து எழுதுவது என்றால், அவரவர் கேள்விகளை அவரவர் ஒட்டிவிடுவது. ஒரு வழக்கில் 23 கேள்விகள் வந்தன. அவற்றில் ஒன்று, தாய்க்கு ஆளுமைக் கோளாறு இருக்கிறதா என்பது. அதைச் சொல்ல நான் மனநல மருத்துவர் இல்லை. தன் துறைக்கு வெளியே கருத்துச் சொல்லக் கூடாது என்பது நிபுணருக்கு நீதிமன்ற விதிகள் போட்டிருக்கும் கோடு. ஏஜென்சியின் வழக்கு மேலாளர் அந்தக் கடிதத்தை என்னிடம் வரவே விடவில்லை. எது என் துறை, எது இல்லை, எது ஒரே கேள்வியின் மூன்று வடிவம் என்று குறித்துத் திருப்பி அனுப்பினார். ஒன்பது கேள்விகளோடு கடிதம் திரும்பி வந்தது. தனியாக இருந்தால் இதை நானே செய்ய வேண்டும். அடுத்த வழக்குத் தரப்போகும் சட்டத்தரணியிடம் முகம் சுளிக்காமல் பேச வேண்டும். அந்தச் சங்கடத்தை அவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள்.

இரண்டாவது, அறிக்கை போவதற்கு முன் அதை வாசிப்பவர். இந்த ஏஜென்சியில் அது ஓய்வுபெற்ற ஒரு கார்டியன் அம்மையார். எழுத்துப் பிழை பார்ப்பதோடு விடுகிறவர் இல்லை. ஓர் அறிக்கையில், தந்தை குழந்தைக்குப் புட்டிப் பாலைச் சரியான சூட்டில் தயாரித்தார், குழந்தை அழுதபோது பதறவில்லை என்று எழுதியிருந்தேன். ஓரத்தில் அவர் கேட்டிருந்தார்: "நீங்கள் கண்டதா, அவர் சொன்னதா? கண்டதென்றால் எந்த அமர்வில்? குழந்தை எவ்வளவு நேரம் அழுதது?" என் குறிப்பேட்டில் எல்லாம் இருந்தது. மூன்றாவது அமர்வு, தொடர்பு மையத்தின் (பெற்றோர் பிள்ளையைக் கண்காணிப்பில் சந்திக்கும் இடம்) சமையலறை, நான்கு நிமிடம், தந்தை பாலை மணிக்கட்டில் விட்டுப் பார்த்தார். அதை அப்படியே பத்திக்குள் கொண்டுவந்தேன். பிறகு கிழக்கு லண்டன் குடும்ப நீதிமன்றத்தில் கவுன்சிலின் பாரிஸ்டர் எழுந்து, அந்த அம்மையார் கேட்ட கேள்வியையே ஏறக்குறைய அதே சொற்களில் கேட்டார். பத்தி இலக்கத்தைச் சொன்னேன். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

இந்த வாசிப்புக்காக மட்டும் ஏஜென்சியில் சேரலாம் என்று முதல் வருடத்தில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.

இனிப் பணம். சுயாதீன சமூகப் பணியாளருக்கு அரசின் சட்ட உதவிப் பணத்திலிருந்து கொடுக்கும் தொகைக்கு 2011இல் வரம்பு வைத்தார்கள்: லண்டனில் மணிக்கு 33 பவுண், வெளியே 30. நான் இவர்கள் மூலம் எடுத்த சட்ட உதவி வழக்குகள் எல்லாம் அந்தக் கணக்கில்தான். 33இல் ஏஜென்சி தன் பங்கை எடுத்த பிறகு என் கைக்கு வந்தது 26. இதில் விடுமுறைச் சம்பளம் இல்லை, நோய் விடுப்பு இல்லை, ஓய்வூதியப் பங்களிப்பு இல்லை. வரியை நானே எடுத்து வைத்து ஜனவரி 31க்கும் ஜூலை 31க்கும் கட்ட வேண்டும். கவுன்சில் முழுச் செலவையும் ஏற்கும் வழக்குகளில் கட்டணம் பேசி வாங்கலாம். அங்கே ஏஜென்சி எவ்வளவு பேசியது என்பதை எனக்குச் சொல்லவே இல்லை. கேட்டால் "வணிக இரகசியம்" என்றார்கள். வேலை செய்தவளுக்கே இரகசியம்!

அதற்கு மேல், 'எங்களுக்கு வந்தால் உங்களுக்கு' என்றொரு வாசகம் ஒப்பந்தத்தில் இருக்கிறது. செலவு பல தரப்புகளுக்கும் பங்கு பிரிக்கப்படும். ஒரு சட்டத்தரணி தன் பங்கைத் தாமதித்தாலும் என் பணம் முழுவதும் நிற்கும். அறிக்கை கொடுத்துத் தீர்ப்பும் வந்து, குழந்தை பாட்டியிடம் போய்ச் சேர்ந்த பிறகும் எனக்குப் பணம் வராத வழக்கு உண்டு. தாமதமான வணிகக் கொடுப்பனவுக்கு வங்கி அடிப்படை வீதத்துக்கு மேல் 8 சதவீத வட்டி கேட்க 1998ஆம் ஆண்டுச் சட்டமே இடம் தருகிறது. ஆனால் எந்த நாளிலிருந்து தாமதம் என்று கணக்கிடுவதுதானே பிரச்சினை? அந்த வாசகத்தின் நோக்கமே அந்த நாளைத் தள்ளிக்கொண்டே போவது.

மணிக்கணக்கிலும் கை வைக்கிறார்கள். வழக்குக் கோப்புக்கட்டு விதிப்படி 350 பக்கத்துக்கு மேல் போகக் கூடாது, நீதிபதி அனுமதித்தால் ஒழிய. எனக்கு வருவது பெரும்பாலும் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு: பொலிஸ் அறிக்கை, மருத்துவக் குறிப்பு, மூத்த பிள்ளைகளின் பழைய வழக்கு. வாசிக்க ஏஜென்சி ஒதுக்குவது ஆறு மணிநேரம். வாசிக்காமல் விட்ட பக்கத்திலிருந்துதான் குறுக்கு விசாரணையில் கேள்வி வரும் என்பதால் முழுவதையும் வாசிக்கிறேன், மிச்ச நேரம் தர்மக் கணக்கில். அறிக்கை கைக்குக் கிடைத்த 10 நாளுக்குள் தரப்பினர் எழுத்தில் விளக்கம் கேட்கலாம். அந்தப் பதில்களுக்கும் தனிக் கட்டணம் இல்லை. தாய் அமர்வுக்கு வராவிட்டால் முதல் தடவைக்குப் பாதி, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. பராமரிப்பு வழக்கில் இருக்கும் ஒரு தாய் எத்தனை அமர்வைத் தவறவிடுவாள் என்று இந்த ஒப்பந்தத்தை எழுதியவருக்குத் தெரிந்திருக்காது.

அவர்களுடைய அறிக்கை மாதிரிப் படிவம் சுமார் ரகம். குழந்தைக்கும் வளர்ப்பவருக்கும் இடையிலான பற்றுப் பிணைப்புக் கோட்பாடு பற்றி ஐந்து பக்கம் முன்கூட்டியே அச்சடித்து வைத்திருக்கிறார்கள். முதல் வேலையாக அதை அழிப்பேன். நீதிபதிக்கு அது தெரியும், தாய்க்கு அது தேவையில்லை. ஆனால் கடைசியில் இருக்கும் அட்டவணை நன்று. தாயிடம் திரும்புவது, பாட்டிக்குச் சிறப்புப் பாதுகாவலர் உரிமை, நீண்டகால வளர்ப்புக் குடும்பம், தத்து என்று சாத்தியமான ஒவ்வொரு வழிக்கும் நன்மை தீமைகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும். 2013இல் 'ரீ பி-எஸ்' வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் கேட்டது இதைத்தான்: ஒவ்வொன்றாகத் தட்டிக் கழித்துக்கொண்டு போய்க் கடைசியில் எஞ்சியதைத் தேர்ந்தெடுக்காதே, எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார். அந்த அட்டவணையை இன்றைக்கும் பயன்படுத்துகிறேன்.

தமிழர்களுக்கென்று ஒரு விஷயம் சொல்ல வேண்டும். உங்கள் பெயரைப் பார்த்ததும் தமிழ்க் குடும்பங்களை எல்லாம் உங்களுக்கு அனுப்புவார்கள். ஒருமுறை மலையாளக் குடும்பம் ஒன்றை அனுப்பிவிட்டு "உங்கள் பக்கம்தானே" என்றார்கள். தமிழ்க் குடும்பம் என்றால் பேச்சு இலகு என்பது உண்மை. ஆனால் லண்டன் தமிழர் வட்டம் சின்னது. ஈலிங் கனகதுர்க்கை அம்மன் தேருக்குப் போனால், கவுன்சில் காலத்தில் பார்த்த குடும்பம் ஒன்றாவது வடம் பிடித்துக்கொண்டு நிற்கும். தாயின் மச்சாள் என் மகளுடைய சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கலாம். ஏஜென்சியின் படிவத்தில் இதற்கு ஒரே ஒரு பெட்டி: "குடும்பத்தை முன்பே அறிவீர்களா? ஆம், இல்லை." நான் அதற்குக் கீழே ஊர், கோவில், பள்ளி, தூரத்து உறவு என்று தனித் தாளில் எழுதி அனுப்புகிறேன். நீதிமன்றத்தில் மறுதரப்பு கண்டுபிடித்துச் சொல்வதைவிட நாமே சொல்லிவிடுவது மேல். ஒரு வழக்கை இதனாலேயே விட்டிருக்கிறேன். வழக்கு மேலாளருக்குக் கோபம், "உங்களைத் தவிர யார் இருக்கிறார்கள்" என்றார்.

தொழில்சார் காப்புறுதியை அவர்களுடைய தலையில் போட்டுவிட்டதாக நினைக்காதீர்கள். 'ஜோன்ஸ் எதிர் கேனி' வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் நிபுணர் சாட்சிகளுக்கு இருந்த பாதுகாப்பை எடுத்துவிட்டது. கவனக்குறைவு என்று நம்மை அமர்த்தியவர்களே வழக்குப் போடலாம். ஏஜென்சியின் காப்புறுதி ஏஜென்சிக்கு. உங்களுக்கு உங்களுடையது வேண்டும். தகவல் பாதுகாப்புப் பதிவும் உங்கள் பெயரில்தான். எங்கள் தொழிலை ஒழுங்குபடுத்தும் 'சோஷியல் வர்க் இங்கிலாந்து' அமைப்பில் ஒவ்வொரு வருடமும் செப்டம்பர் முதல் நவம்பருக்குள் பதிவைப் புதுப்பிப்பதும் நீங்கள்தான். கவுன்சிலில் நினைவுபடுத்த மேலாளர் இருந்தார், இங்கே இல்லை.

5க்கு 3 கொடுப்பேன். புதிதாக வெளியே வருகிறவர்களுக்கு ஒன்றிரண்டு வருடத்துக்குச் சரி. கையெழுத்திடும் முன் மூன்றைக் கேளுங்கள்: பணம் எத்தனை நாளில், வாசிக்க எத்தனை மணிநேரம், அறிக்கையைப் பார்ப்பவர் யார். கடைசிக் கேள்விக்கு ஒரு மனிதரின் பெயர் வராமல் "எங்கள் தரக் குழு" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். விலகிய பிறகு 12 மாதம் அவர்களுடைய சட்டத்தரணிகளிடம் நேரடியாக வேலை எடுக்கக் கூடாது என்ற வாசகத்தையும் தேடிப் பாருங்கள். பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். நான் அதை ஆறு மாதமாகக் குறைத்துத்தான் கையெழுத்திட்டேன். கேட்டால் குறைக்கிறார்கள்.

அந்த வாசகத்தில் கார்டியன் அம்மையாரைப் பற்றி ஒன்றும் இல்லை, அவரும் சுயதொழில்காரர். இப்போது நேரடியாக எடுக்கும் வழக்குகளில், அறிவுறுத்தல் கடிதத்திலேயே முன்கூட்டி அனுமதி வாங்கிவிட்டு, பெயர்களை நீக்கிய வரைவை அவருக்கு அனுப்புகிறேன். மணிக்கு 45 பவுண் வாங்குகிறார். சட்ட உதவி வழக்கென்றால் எழுதும் என்னைவிட வாசிக்கும் அவருக்கு மணிக்கு 12 பவுண் அதிகம். கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.