பால்போசிக்லிப்: அட்டையில் இல்லாத விஷயங்கள்

கடலூரில் இருக்கும் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவியதிலிருந்து பால்போசிக்லிப் என்ற மருந்துதான் ஓடிக்கொண்டிருக்கிறது. புதிதாக இதை எழுதிக் கொடுத்திருக்கும் வீடுகளுக்காக எழுதுகிறேன், ஏனென்றால் கடையில் தினமும் ஒன்று என்று சொல்லி அட்டையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள், கவனிக்க வேண்டியதெல்லாம் அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

பயாப்ஸி ரிப்போர்ட்டில் ஹார்மோன் ரிசெப்டார் பாசிட்டிவ் (ஹார்மோனைப் பிடித்து வளரும் வகை), ஹெர்-2 நெகட்டிவ் (ஹெர்-2 என்ற புரதம் அதிகமில்லாத வகை) என்று இருப்பவர்களுக்கான மருந்து இது. ஹெர்-2 பாசிட்டிவ் என்றால் ட்ராஸ்டுசுமாப் ஊசி போன்ற வேறு வழி. செல் பிரிவதற்குத் துணைபோகும் சிடிகே 4, 6 என்ற புரதங்களை இது தடுக்கிறது. தனியாகக் கொடுப்பதில்லை, அம்மாவுக்கு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைக் குறைக்கும் லெட்ரோசோல் 2.5 மி.கி. மாத்திரையும் கூடவே உண்டு. இந்த மருந்தை நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்த பலோமா-2 ஆய்வில் லெட்ரோசோல் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு நோய் கட்டுக்குள் இருந்த காலம் நடுமதிப்பாக 14.5 மாதம், இரண்டும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு 24.8 மாதம். ஆனால் ஆயுள் கூடியதாக அந்த ஆய்வால் உறுதியாகக் காட்ட முடியவில்லை, இதையும் தெரிந்துகொண்டு ஆரம்பிப்பது நல்லது. அம்மா எழுந்து சமைக்கிறார், கீமோவில் கிடந்த கிடை இப்போது இல்லை, எனக்கு அதுவே பெரிது.

வழக்கமான ஆரம்ப டோஸ் 125 மி.கி., 21 நாள் சாப்பிட்டு 7 நாள் இடைவெளி, இந்த 28 நாள்தான் ஒரு சுற்று. அந்த 7 நாளும் லெட்ரோசோலை நிறுத்தக் கூடாது, இரண்டையும் சேர்த்து நிறுத்திவிடுகிற வீடுகள் உண்டு. ஒரு வேளை மறந்தாலோ வாந்தியில் வெளியே வந்தாலோ அன்றைக்கு இன்னொன்று போடாமல் மறுநாள் வழக்கமான நேரத்துக்குச் சாப்பிட்டால் போதும். கேப்சூல் என்றால் சாப்பாட்டோடு, மாத்திரை வடிவம் என்றால் சாப்பாட்டோடும் போடலாம், இல்லாமலும் போடலாம். நாங்கள் வாங்கும் கடையில் ஒருமுறை கேப்சூலுக்குப் பதில் மாத்திரையைக் கொடுத்துவிட்டு “எல்லாம் ஒண்ணுதாம்மா” என்றார்கள், இந்த வித்தியாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இவ்வளவு விலை கொடுத்து வாங்குகிறவர்களிடம் அதைச் சொல்ல வேண்டாமா?

இனி ரத்தம். இந்த மருந்தில் பெரும்பாலானவர்களுக்கு வெள்ளை அணு, அதிலும் கிருமிகளோடு போராடும் நியூட்ரோபில் என்ற வகை, இறங்கும். அதனால்தான் ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும், முதல் இரண்டு சுற்றுகளில் 15ஆம் நாளிலும் சிபிசி என்ற ரத்த அணு எண்ணிக்கைப் பரிசோதனை பார்க்கச் சொல்கிறார்கள். சுற்று தொடங்கும் நாளில் நியூட்ரோபில் ஆயிரத்துக்குக் கீழே இருந்தால் தள்ளிப்போட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். தேவைப்பட்டால் டோஸை 100 மி.கி., அப்புறம் 75 மி.கி. என்று குறைப்பார்கள். குறைத்தால் மருந்து வேலை செய்யாது என்று பயந்து அம்மா அழுதார், டாக்டர்தான் பொறுமையாக உட்கார வைத்து, இது மருந்தோடு வருகிற விஷயம், நோய் முற்றியதற்கு அடையாளம் இல்லை என்று விளக்கினார். நாங்கள் மஞ்சக்குப்பத்தில் முந்தின நாளே ரத்தம் கொடுத்து ரிப்போர்ட்டோடுதான் கோரிமேடு ஜிப்மருக்குப் பஸ் ஏறுகிறோம், அங்கே போய் எடுத்தால் நாள் முழுக்கப் போய்விடும். ஆட்டு ஈரல் சாப்பிட்டால் அணு ஏறிவிடும் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள், அது இரும்புச்சத்துக்கு நல்லது, நியூட்ரோபிலை ஏற்றாது.

மற்றபடி சோர்வு, வாய்ப்புண், கொஞ்சம் குமட்டல், முடி மெலிவது. வாய்ப்புண் வந்த வாரங்களில் மீன் குழம்பில் மிளகாயைக் குறைத்து, உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வைத்தோம், சமாளித்துவிட்டார். கிரேப்ஃப்ரூட் ஆகாது, அதன் இனமான பம்பளிமாஸையும் நிறுத்திவிட்டோம். வலிப்புக்கான பெனிடாயின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின், பூஞ்சைக்கான இட்ராகோனசோல் எல்லாம் இதன் அளவை ஏற்றவோ இறக்கவோ செய்யும், வேறு எந்த டாக்டரிடம் போனாலும் அட்டையைக் காட்டுங்கள்.

விலைதான் இன்னும் உறுத்துகிறது. 2023 ஜனவரியில் காப்புரிமை முடிந்த பிறகு பல கம்பெனிகள் தயாரிக்கின்றன, அசல் பிராண்டோடு பார்த்தால் எவ்வளவோ குறைவு, ஆனால் ஒரே 125 மி.கி. கடைக்குக் கடை வெவ்வேறு விலையில் இருக்கிறது, புதுச்சேரியில் இரண்டு மூன்று இடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். கடைசியாக ஒன்று, நியூட்ரோபில் இறங்கியிருக்கும்போது கிருமித் தொற்று ஆபத்தாகலாம் என்பதால், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் மட்டும் பாராசிட்டமால் போட்டுக் காலை வரை காத்திருக்க வேண்டாம், ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய், இந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்று முதலில் சொல்லுங்கள். மூச்சு வாங்கினாலும், விடாத வறட்டு இருமல் இருந்தாலும் அப்படியே.