செயலிழந்த கையை மடக்க: நரம்பு மாற்றா, தசை மாற்றா?

மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையும் தோளும் எதிரெதிர்த் திசையில் இழுபடும்போது, கழுத்துத் தண்டுவடத்திலிருந்து கைக்குச் செல்லும் சி5 முதல் டி1 வரையான ஐந்து நரம்பு வேர்களும் பிய்ந்துபோகலாம். வேரோடு பிடுங்கப்பட்ட நரம்பை வழக்கமான சிகிச்சையில் தண்டுவடத்தோடு மீண்டும் இணைக்க இயலாது என்பதால், வேறிடத்து நரம்பைக் கொண்டுவருவதா (நரம்பு மாற்று), நரம்போடு புதிய தசையையும் சேர்த்தே கொண்டுவருவதா (தசை மாற்று) என்ற கேள்வி எழுகிறது. இரண்டிலும் முதல் இலக்கு முழங்கையை மடக்குவதே. வாய்க்கு உணவு எடுத்துச்செல்வதே அதை நம்பித்தான் இருக்கிறது.

மேல்வேர்கள் மட்டும் சேதமடைந்து, விரல்கள் இயங்குமானால், நரம்பு மாற்றுக்கே என் வாக்கு. பாரிஸைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் ஓபர்லின் 1994இல் வெளியிட்ட முறையில், விரல்களை இயக்க உதவும் அல்நார் நரம்பின் ஓர் இழைக்கற்றை, முழங்கையை மடக்கும் பைசெப்ஸ் தசையின் நரம்போடு நேரடியாக இணைக்கப்படுகிறது. இணைப்பு தசைக்கு மிக அருகில் அமைவதால், நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டரே வளரும் நரம்பு விரைவில் இலக்கை எட்டிவிடுகிறது. கையின் வலிமையும் பெரிதாகக் குறைவதில்லை.

ஆனால் இம்முறை காலத்துக்குக் கட்டுப்பட்டது. நரம்புத் தொடர்பை இழந்த தசை மெலிந்து, ஏறக்குறைய ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுக்குள் மீளாத நிலையை அடைகிறது. ஆறு மாதத்துக்குள் வருபவருக்குக் கிடைக்கும் பலன், "தானாகச் சரியாகும்" என்று காத்திருந்து இரண்டாம் ஆண்டில் வருபவருக்குக் கிடைப்பதில்லை. இந்தக் காத்திருப்பே பலரது கையைப் பறிக்கிறது என்பது வேதனையானது.

அந்தத் தாமதத்துக்குப் பின்னும் வழிவிடுவது தசை மாற்று. நோயாளியின் தொடை உட்புறத்திலுள்ள கிராசிலிஸ் தசையை, அதன் இரத்தக் குழாய்களோடும் நரம்போடும் எடுத்து மேற்கையில் பொருத்தி, நுண்ணோக்கியின் உதவியால் குழாய்களைத் தைத்து, தோளை உயர்த்த உதவும் கழுத்தோரத் துணை நரம்போடோ, மூச்சுக்கு உதவும் விலா இடை நரம்புகளோடோ தசையின் நரம்பை இணைக்கிறார்கள். தொடையை உள்நோக்கி இழுக்க வேறு தசைகளும் இருப்பதால் நடைக்குப் பாதிப்பு குறைவு. எனினும் இது நெடுநேர அறுவை. குழாயில் இரத்தம் உறைந்தால் தசையே வீணாகலாம்.

ஐந்து வேர்களும் போய், நோயாளி சீக்கிரமே வந்துவிட்டால்தான் தேர்வு உண்மையில் கடினம். அல்நார் நரம்பே செயலிழந்திருப்பதால் ஓபர்லின் முறைக்கு இடமில்லை. விலா இடை நரம்புகளைப் பைசெப்ஸுக்குத் திருப்பினால் முழங்கை மட்டுமே மடங்கும். ஜப்பானின் கசுதேரு டோய் உருவாக்கிய இரட்டைத் தசை மாற்றோ, இரண்டு கிராசிலிஸ் தசைகளைக் கட்டம் கட்டமாகப் பொருத்தி, முழங்கை மடக்கத்தோடு விரல் பிடிமானத்தையும் இலக்காகக் கொள்கிறது. அனுபவமிக்க நுண்ணறுவைக் குழுவும், ஒன்றிரண்டு ஆண்டு பிசியோதெரபிக்கான வசதியும் இருந்தால், நான் இதையே முன்வைப்பேன். விலா இடை நரம்பு இணைக்கப்பட்டவர் தொடக்கத்தில் மூச்சை ஆழமாக இழுத்துத்தான் கையை மடக்கப் பழக வேண்டும்; அந்தப் பயிற்சி இடையில் நின்றால் அறுவையின் பலனும் அங்கேயே நின்றுவிடும்.